சுடலை வளைவின் ஐந்தாவது பழம்

சுடலைமாடன் கோயில் வளைவில் மறுபடியும் வண்டி மோதி ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கால் முறிந்தது. ஊரே திரண்டு வேகத்தடை கேட்டது. பார்வையிட வந்த பெரிய அதிகாரி லேப்டாப்பைத் தட்டினார்.

“வெளிநாட்டு ரோடுகளை வச்சுப் போட்ட கணக்கு இது. இங்கே வருஷத்துக்கு அரை விபத்துதான் நடக்கும். தடை தேவையில்லை.”

“அந்த நாட்டு ரோட்டுல ஆடு, மாடு, டிராக்டர், பிள்ளைக எல்லாம் ஒண்ணாப் போவுமா ஐயா?” என்றாள் கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் விற்கிறவள்.

அவருக்கு வந்ததே கோபம். “பழக்காரி எனக்குப் பாடம் நடத்துறியா? இது ஆபத்தான இடம்னு என் ஆள் ஒருத்தன் சொல்லட்டும், இன்னைக்கே தடை போடுறேன்.”

அவர் ஆள் எவன் வாயைத் திறப்பான்? அவள் ஜீப் டிரைவர் பக்கம் திரும்பினாள்.

“அண்ணாச்சி, வரும்போது நாலு சக்கரத்துக்கும் பழம் வச்சு நசுக்கினியளே, எதுக்கு?”

டிரைவர் நெளிந்தார். “பொல்லாத வளைவும்மா. பழம் வைக்காம எவனும் தாண்ட மாட்டான்.”

“உங்க ஆளு சொல்லிட்டாரு ஐயா.”

“அது மூடநம்பிக்கை!”

“அப்போ எங்கிட்ட வாங்கி உங்க சட்டைப்பையில வச்சிருக்கிற அஞ்சாவது பழத்தத் திருப்பிக் குடுத்திருங்க.”

பை புடைத்திருந்தது. கூட்டம் சிரித்தது. லேப்டாப் மூடிக்கொண்டது.

பொழுது சாய்வதற்குள் தடை போட்டாச்சு. இந்த ஊர் ரோட்டுக்கென்று தனிக் கணக்கும் போடச் சொல்லிவிட்டுப் போனார். இப்போது அங்கே எவனும் பழம் வாங்குவதில்லை. பிழைப்பு போகும் என்று தெரிந்தே வாயைத் திறந்தவள் ஆவுடைத்தங்கம்.