பலகையின் முனை

அன்று கடற்கரையில் இருந்தவர்கள் ஏழு பேர். பாய் தைக்கும் பிரகாசி. அவளிடம் தையல் கற்ற சந்தியாகு. வயதில் அவளுக்கு மூத்தவன், போட்டிப் படகில் சுக்கான் பிடிப்பவன். அவன் படகில் போகும் லூக்காஸ், பிச்சை, மிக்கேல், இன்னாசி, ராயப்பன்.

லூக்காஸ், சந்தியாகுவின் தங்கை கணவன்.

"இந்த வருஷம் மூணு போட்டி. மூணுலயும் கடைசி," என்றான் சந்தியாகு. "நாளைக்கும் தோத்தா முதலாளி சுக்கானை வேற ஆளுகிட்டக் குடுத்துருவாரு. நான் தச்ச பாயில என்ன குத்தம்? சொல்லு தாயி."

பிரகாசி பாயை மணலில் விரித்தாள். ஒவ்வொரு தையலாகத் தடவிப் பார்த்தாள்.

"குத்தம் இல்லண்ணே. என்னைவிட நல்லாத் தச்சிருக்கீங்க."

"அப்ப ஏன் ஓட மாட்டேங்குது?"

"பலகையை நீட்டுங்க."

காற்றில் படகு சாயாமலிருக்க வெளியே நீட்டும் பலகை அது. ஆட்கள் அதன்மேல் வரிசையாக உட்காருவார்கள். முனைவரை போய் உட்கார்ந்தால்தான் பாயை முழுதாக விரிக்க முடியும்.

படகு கரையில் கிடந்தது. கீழே வெறும் மணல்.

"கடல்ல உக்கார்ற மாதிரி உக்காருங்க," என்றாள்.

ஐவரும் ஏறினார்கள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு படகை ஒட்டி உட்கார்ந்தார்கள். படகுக்கு மிக அருகில் லூக்காஸ்.

"முனைக்குப் போங்கப்பா! எத்தனை தடவை கத்துறது?"

யாரும் நகரவில்லை.

"மச்சான், நீயாவது போ."

"போன வருஷம் போயிருந்தேனே," என்றான் லூக்காஸ்.

பிச்சை சிரித்தான். பிறகு நிறுத்திக்கொண்டான்.

"போன வருஷம் என்ன?" என்றாள் பிரகாசி.

சந்தியாகு மணலைப் பார்த்தான். "கடைசியில காத்து செத்துப்போச்சு தாயி. பாரம் குறைஞ்சா முந்திரலாம்னு..."

"முனையில இருந்தவனைக் குதிக்கச் சொன்னாரு. குதிச்சேன். ஜெயிச்சோம்," என்றான் லூக்காஸ்.

"பின்னால மூணு படகு வந்துச்சே! எவனாவது ஏத்திக்குவான்னு நெனச்சேன்."

"அவங்களும் போட்டியிலதான இருந்தாங்க, மச்சான்."

"யாரு தூக்குனா?" என்றாள் பிரகாசி.

"நண்டு வலைக்காரன். பொழுது சாயுறப்ப. அதுவரைக்கும் நீரோட்டம் கிழக்கே இழுத்துக்கிட்டே இருந்துச்சு."

"அதுக்குத்தான் கோப்பையை உன் வீட்டுல வைக்கச் சொன்னேனே!" என்றான் சந்தியாகு.

"இருக்கு. உன் தங்கச்சி அதுல உப்பு போட்டு வச்சிருக்கா."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பிரகாசி எழுந்து பலகையருகே போனாள். வெளிப்பக்கம் கடைசியாக இருந்தவன் ராயப்பன். அவன் தொடையிலிருந்து பலகை முனைவரை சாண் போட்டு அளந்தாள்.

"எவ்வளவு?" என்று கேட்டான் சந்தியாகு.

"ஒன்பது சாண்."