யாரும் மூட்டாத அடுப்பு

அந்தக் காலத்தில் என்றால் எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள். எழுதி வைக்க ஆள் இருந்தும் எழுதி வைத்தது எதுவும் மிஞ்சாத காலம். பறவைக்கும் மிருகத்துக்கும் மனிதனுக்கும் அப்போது ஒரே பேச்சு. ஆட்டைத் திருடிய நரியை ஆட்டுக்காரன் திட்டினால் வார்த்தைக்கு வார்த்தை பதில் வரும்.

அந்தக் காலத்தில் ஒரு கரடு இருந்தது. மலை என்று சொல்ல முடியாது, மேடு என்று தள்ளிவிடவும் முடியாது. பாறையும் முள்ளுமாய்க் கிடக்கும். அதன் அடிச்சரிவில் ஒரு பிளவு, பிளவுக்குள் கறுப்புக் கல். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கினால் அந்தக் கல் சூடேறும். தீ தெரியாது, புகை வராது, வெறும் சூடு. சூட்டில் தண்ணீர் ஆவியாகிப் போய்விட்டால் கல் ஆறிவிடும். மறுபடி தண்ணீர் இறங்கினால் மறுபடியும் சூடு. உலகத்தில் உள்ள அடுப்பெல்லாம் தண்ணீர் பட்டால் அணையும், இது தண்ணீர் பட்டால் எரியும். பூமி தனக்குத்தானே மூட்டிக்கொண்ட அடுப்பு அது. அதில் என்ன சமைத்தது என்று பூமியைத்தான் கேட்க வேண்டும்.

கரட்டுச் சரிவில் ஒரு ஆட்காட்டிக் குருவி குடியிருந்தது. அந்தப் பெயர் அதற்குப் பின்னால் வந்ததுதான். இருந்தாலும் நமக்குப் பழகிய பெயரிலேயே கூப்பிடுவோம். அப்போது அதற்கு மிக மெல்லிய குரல். பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்தால்தான் பேசுவது கேட்கும். மனிதர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே அதன் வம்சம் அங்கே இருந்தது. இந்த அடுப்பை யாரும் மூட்டவில்லை, தண்ணீர் வந்தால் எரியும், வற்றினால் அணையும், எரிகிற நாளில் பக்கத்தில் இருக்காதே என்று ஒவ்வொரு தாயும் தன் குஞ்சுக்குச் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடும். இந்தக் குருவிக்கும் அதன் தாய் சொல்லியிருந்தது.

கரட்டுக்குக் கீழே ஒரு பெரிய ஊர். சுட்ட செங்கல் வீடுகள், தெருவுக்குத் தெரு மூடிய சாக்கடை, கரை அகலத்தில் இரண்டு வண்டி போகிற கண்மாய். அந்த ஊருக்கு ஒரு பெயர் இருந்தது. இப்போது அதைச் சொல்ல ஆளில்லை.

முதலில் குயவர்கள்தான் பிளவைக் கண்டுபிடித்தார்கள். மழைக்காலத்தில் ஈரப் பானையை அங்கே வைத்தால் விறகில்லாமலே காய்ந்தது. பிறகு ஊரே ஏறிப் பார்த்தது. மழையில் மட்டும் எரிகிற அடுப்பை வருஷம் முழுக்க எரிய வைத்தால் என்ன என்று யோசித்து, பிளவைவிட மேட்டில் இருந்த கண்மாயின் மேல் மடையிலிருந்து பிளவுக்கு வாய்க்கால் வெட்டினார்கள். பிளவுக்குக் கீழே வெந்நீர்க் குளம் ஒன்று தேங்கியது. நெல் அவித்தார்கள், துணி வெளுத்தார்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்கள். விறகு சுமக்கிற வேலையே அந்த ஊரில் இல்லாமல் போனது.

ஊர்த்தலைவர் பெயர் அந்துவன். கெட்டவர் இல்லை, பெருமை பிடித்தவர். நமக்கு முன்னால் நம்மைவிடப் பெரிய மனிதர்கள் இங்கே வாழ்ந்தார்கள், கல்லை எரிக்கிற வித்தை தெரிந்தவர்கள், அவர்கள்தான் நமக்காக இந்த அடுப்பை மூட்டி வைத்துவிட்டுப் போனார்கள் என்று அவர் சொன்னார். எங்கே போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பிளவுக்குள் ஒரு கல் வட்டமாக இருந்ததே, அதுவே சாட்சியாகப் போதும் என்றார்கள். தனக்கு முன்னால் பெரிய ஆட்கள் இருந்தார்கள் என்பதில் மனிதனுக்கு ஒரு சந்தோஷம். அந்தப் பெரிய ஆட்கள் தன் பாட்டன்மாராகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

பாட்டன்மார் இடம் என்பதால் அந்துவன் சரிவைச் சுற்றி முள்வேலி கட்டச் சொன்னார். ஆட்காட்டிக்கு அதைவிட ஒரு நல்லது நடந்திருக்க முடியாது. தரையில் முட்டையிடுகிற பறவை அது. அதற்கு முந்திய மூன்று வருஷமும் ஒரு முட்டை தேறவில்லை. ஒரு தடவை கீரி, ஒரு தடவை நாய், ஒரு தடவை மாட்டுக் குளம்பு. வேலி வந்த பிறகு அதற்குள்ளே எதுவும் நுழையவில்லை. தாய் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனாலும் பிளவிலிருந்து நூறு அடி தள்ளித்தானே இருக்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டது.

மேல் மடையைத் திறக்கிறவள் கொற்றி. புருஷன் இல்லை, சேந்தி என்று எட்டு வயசில் ஒரே பெண். தினமும் காலையில் மடைக்குப் போகும்போது கொற்றி மண்வெட்டியால் வாய்க்கால் கரையை நாலு கொத்துக் கொத்திவிடுவாள். புழு வெளியே வரும். ஆட்காட்டி தின்னும். அவள் சற்று உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாள். அந்த ஊரில் குருவிக்கு அவளைத் தவிர வேறு சிநேகம் கிடையாது.

வாய்க்கால் வெட்டிய மூன்றாம் வருஷம் ஊரில் ஏதோ சரியில்லாமல் போனது. ஆடுகள் செத்த குட்டியாக ஈன்றன. குயவர்களுக்குக் கைத்தோல் உரிந்தது, ஈறில் ரத்தம் கசிந்தது. காற்று மாறியிருக்கிறது, சரியாகிவிடும் என்றார் அந்துவன். ஒரு நாள் கொற்றி மகளுக்குத் தலை வாரினாள். சீப்போடு முடி கொத்தாக வந்தது. மறுபடி வாரிப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. சேந்திக்குக் குளத்தில் விளையாடினால் பொழுது போவதே தெரியாது.

கொற்றி மடைக்காரி. தண்ணீர் என்றைக்குத் திறந்தது, என்றைக்கு அடைத்தது என்பது அவளுக்கு மனப்பாடம். வாய்க்கால் தூர்வார ஒரு மாதம் அடைத்திருந்தபோது புதிதாக ஒருவரும் படுக்கவில்லை. திறந்த பத்தாம் நாள் மறுபடி ஆரம்பித்தது. அதற்கு முன் ஒரு தடவை அடைத்துத் திறந்தபோதும் அப்படித்தான். அவள் நேராகக் கரட்டுக்கு வந்து குருவியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஊருக்கு முன்னாலயே இங்க இருந்தவங்க நீங்க. இதப்பத்தி ஒனக்கு ஏதும் தெரியுமா?"

ஆட்காட்டி கொஞ்சம் யோசித்தது. "தெரிஞ்சத ஊர்க்கூட்டத்துல சொல்றேன்க்கா" என்றது.

கொற்றிக்கு உயிர் வந்தது. வாய்க்காலை அடைக்க வேண்டும் என்று கூட்டம் கூட்டச் சொல்லிவிட்டாள்.

கூட்டத்தன்று காலையில் ஆட்காட்டி நாலாவது முட்டையை இட்டிருந்தது. அந்துவன் வேலியோரம் வந்து நின்றார். மிரட்டவில்லை. முட்டைகளைப் பார்த்து நல்லாயிருக்கு என்றார். வாய்க்காலை அடைத்துவிட்டால் ஊருக்கு விறகு வேண்டியிருக்கும், முதலில் கைக்கு எட்டுகிறது இந்த முள்வேலிதான், நான் சொன்னாலும் பெண்கள் கேட்க மாட்டார்கள் என்றார். அவ்வளவுதான். மெதுவாக இறங்கிப் போய்விட்டார். அவர் போன பிறகு ஆட்காட்டி முட்டைகளைச் சுற்றிச் சுற்றி நடந்தது.

கண்மாய்க் கரையில் எள் போட்டால் விழ இடமில்லாத கூட்டம். கொற்றி தன் கணக்கையெல்லாம் சொன்னாள். சிலர் தலையாட்டினார்கள். அந்துவன் நிதானமாக எழுந்து, நம் பாட்டன்மார் மூட்டின அடுப்பு நம்மைக் கெடுக்குமா என்று கேட்டார். கெடுக்காது என்றது ஒரு பக்கம். யார் மூட்டினார்கள் என்று யாருக்குத் தெரியும் என்றாள் கொற்றி. தெரிந்தவரையே கேட்டுவிடுவோம் என்று அவர் குருவியின் பக்கம் திரும்பினார்.

"நீயே சொல்லும்மா. இந்த அடுப்ப மூட்டுனது எங்க பெரியவங்கதானே?"

அதன் மெல்லிய குரலைக் கேட்கக் கூட்டம் நெருங்கி வந்தது. கொற்றி குருவியையே பார்த்தாள். இல்லை என்று ஒரு சொல் போதும். அந்தச் சொல் குருவியின் தொண்டை வரைக்கும் வந்தது. அதோடு வேலியில்லாத சரிவும், உடைந்த முட்டையோட்டை நக்குகிற நாயும் கண்முன்னே வந்தன. ஆட்காட்டி வாயைத் திறக்கவில்லை.

"பாத்தீங்களா, இல்லைன்னு சொல்லல" என்றார் அந்துவன். கூட்டத்துக்கு அது போதுமாக இருந்தது. பாட்டன்மார் தண்ணீரில் இன்னும் நன்றாகக் குளித்தால் நோய் போய்விடும், மடையை முழுசாகத் திறக்கலாம் என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் ஆமாம் போட்டார்கள்.

கொற்றி கூட்டம் கலைகிறவரை நின்றாள். "அப்போ நாந்தான் தப்பா நெனச்சுட்டேன் போல" என்று குருவியிடம் சொல்லிவிட்டு மடைக்குப் போனாள். பாதி திறந்திருந்த மடைப் பலகையைத் தன் கையாலேயே முழுசாகத் தூக்கினாள். சாயங்காலம் சேந்தியைக் கூட்டிக்கொண்டு போய்க் குளத்தில் உட்கார வைத்தாள். கழுத்து வரை வெந்நீரில் உட்கார்ந்து குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. ஆட்காட்டி அதை மேலேயிருந்து பார்த்தது. அப்போதாவது இறங்கி வந்து சொல்லியிருக்கலாம். இனி எந்த முகத்தோடு சொல்வது என்று இருந்துவிட்டது.

அத்தனை தண்ணீர் அந்தப் பிளவுக்குள் என்றைக்கும் இறங்கியதில்லை. நாலாம் நாள் காலையில் கரடு உறுமியது. பாறை வெடித்து வெந்நீராவி சீறிக்கொண்டு கிளம்பியது. தீப்பிடித்தால் மனிதன் என்ன செய்வான்? தண்ணீர் ஊற்றுவான். அந்த ஊருக்குத் தண்ணீரை ஆளத் தெரிந்த அளவு வேறு எதுவும் தெரியாது. குடத்திலும் தோல்பையிலும் மொண்டு மொண்டு ஓடினார்கள். கண்மாய்க் கரையில் புதிதாக ஒரு வாய் வெட்டி அதையும் பிளவுக்குத் திருப்பினார்கள். ஊற்ற ஊற்ற அடுப்பு எரிந்தது.

அப்போதுதான் ஆட்காட்டி வாயைத் திறந்தது. தண்ணீர் ஊற்றாதீர்கள், தண்ணீர்தான் அதை எரிக்கிறது என்று ஒவ்வொரு தலைக்கு மேலும் பறந்து சொன்னது. அந்த மெல்லிய குரல் அந்தச் சத்தத்தில் யார் காதில் விழும்? கத்திப் பழக்கமில்லாத தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்தியது. மறுநாள் பகல் முழுக்கக் கத்திய பிறகுதான் கொற்றிக்குக் கேட்டது. அவள் ஓடிப்போய் மடையை அடைத்தாள், வெட்டிய வாயை மண் போட்டு மூடினாள். இரண்டு நாளில் கரடு ஆறியது.

ஊர் ஆறவில்லை. தண்ணீர் சுமந்தவர்கள் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். அந்துவன் கடைசி மூச்சு வரை பாட்டன்மாருக்குக் கோபம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நடக்க முடிந்தவர்கள் வீட்டைத் திறந்து போட்டபடி கிளம்பினார்கள். ஒரு மாதம் கழித்துச் சேந்தி தாய் மடியிலேயே போய்விட்டாள்.

மகளைப் புதைத்துவிட்டுக் கொற்றி சரிவுக்கு வந்தாள். தலையில் ஒரு முடி இல்லை. ஆட்காட்டி முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. பொரிக்க வேண்டிய நாள் கடந்து போயிருந்தது. அந்த நாலும் இனிப் பொரிக்காது என்று அதற்கும் தெரியும்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா" என்றது குருவி. அதன் குரல் கரகரத்துக் கிடந்தது. "குஞ்சுகளுக்காக வாய மூடிக்கிட்டேன்."

கொற்றி திட்டவில்லை. அவள் திட்டியிருந்தால் குருவிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"எனக்கும் பிள்ளதான இருந்துச்சு" என்றாள்.

பிறகு கரட்டைப் பார்த்தாள். ஆவி அடங்கி, வெயிலில் சாதுவாகக் கிடந்தது. குளத்தில் தண்ணீர் கண்ணாடியாய்த் தெளிந்திருந்தது.

"நாங்க போயிருவோம். பின்னால வர்றவனுக்கு இது நல்ல எடமாத்தான் தெரியும். அவங்கிட்டயாவது சொல்லு."

"கேக்கலைன்னா?"

"கேக்காட்டியும் சொல்லு."

அவள் கண்மாய்க் கரையோடு நடந்து போனாள். எவ்வளவு தூரம் போனாளோ தெரியாது.

அதற்குப் பிறகு எத்தனையோ காலம் ஓடிவிட்டது. பறவையின் பேச்சு மனிதனுக்குப் புரியாமல் போனது. கரடு மண்மூடியது, கண்மாய் தூர்ந்தது, வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் புதைந்தன. இன்றைக்குத் தோண்டிப் பார்க்கிறவர்கள் செங்கல்லையும் சாக்கடையையும் கண்டு அசந்து போகிறார்கள். வானத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் கட்டிய ஊர் என்கிறார் ஒருவர். நெருப்பு அம்பு விட்டு ஒருவரையொருவர் அழித்துக்கொண்டார்கள் என்கிறார் இன்னொருவர். வெந்துபோன கறுப்புக் கல் கிடைத்தால், பார்த்தீர்களா, நம் பாட்டன்மார் அந்தக் காலத்திலேயே கல்லை எரித்திருக்கிறார்கள் என்று மார்தட்டுகிறார் மூன்றாமவர். கொற்றியைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

வம்சம் வம்சமாக அந்தக் குருவி மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு ஒரு சொல் சொல்லாமல் விட்டதிலிருந்துதான், பொட்டலிலோ கரையிலோ மனிதத் தலை ஒன்று தெரிந்துவிட்டால், இரவு பகல் பாராமல் ஆட்காட்டி தொண்டை கிழியக் கத்துகிறது; நாமும் ஒரு கல்லை எடுத்து அதன்மேல் வீசிவிட்டு, போகிற இடத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறோம்.