பதினைந்து விநாடி

பீளமேட்டில் கம்ப்யூட்டர் செய்யும் கம்பெனி முதலாளி தண்டபாணிக்குக் கோபம் வந்தால் வராந்தா காலியாகிவிடும். அன்றைக்கு வாடிக்கையாளர்கள் முன்னாலேயே அந்தக் கோபம் வந்துவிட்டது. சுவிட்சைப் போட்டும் திரையில் அவருடைய படம் மட்டும் சிரித்துக்கொண்டே நின்றது.

"கம்ப்யூட்டர் எந்திரிக்க இருபது விநாடியா? அஞ்சு விநாடியில எந்திரிக்கணும்! இல்லேன்னா இதை எந்திரிக்க வைக்கிற ஃபர்ம்வேர் புரோகிராம் எழுதின டீமுக்கே சீட்டைக் கிழிச்சிருவேன்!"

டீம் தலைகுனிந்து நின்றது. ஓரத்தில் நின்ற தற்காலிக டெக்னீஷியன் கோகிலவாணி மட்டும் வாய் திறந்தாள்.

"இப்பவே பண்ணிரலாமுங்க சார். பதினஞ்சு விநாடி சும்மா காத்திருக்கச் சொல்லி அந்தப் புரோகிராம்ல யாரோ ஒரு வரி சேர்த்திருக்காங்க. எடுத்துரட்டுங்களா?"

"எடு! சேர்த்த முட்டாள் யாரு? அவன் பேரை எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒட்டணும்!"

"ஒட்டவே வேண்டாமுங்க. நம்மளுது ஓப்பன் சோர்ஸ். எந்த வரியை யார் சொல்லிச் சேர்த்ததுன்னு உலகமே பார்க்கலாமுங்க."

பெரிய திரையில் திறந்து காட்டினாள். வாடிக்கையாளர் ஒருவர் உரக்கப் படித்தார்: "முதலாளி படம் நன்றாகத் தெரிவதற்காகப் பதினைந்து விநாடி காத்திருக்கவும். உத்தரவு: தண்டபாணி."

அதற்குக் கீழே பிரேசில்காரர் ஒருவர் கேட்டிருந்தார்: "யார் இந்த மீசைக்காரர்?"

கோகிலவாணி அந்த வரியை அழித்தாள். கம்ப்யூட்டர் ஐந்தே விநாடியில் எழுந்தது. தண்டபாணியின் முகம் திரையிலும் இல்லை, அறையிலும் இல்லை.