நூறு மதிப்பெண் மருந்து

வைத்தியர் நாச்சியாரிடம் மார்க் வாங்குவதைவிடக் கல்லில் நார் உரிப்பது சுலபம் என்று அவருடைய மாணவர்கள் சொல்வார்கள். அந்த அம்மாள் நடத்திய சித்த மருத்துவசாலையில் படித்தவன் எழிலன். மேற்படிப்புக்குப் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. அங்கேதான் சேருவேன் என்று உறுதி சொல்லி, கைக்கு வந்த வேறு இரண்டு இடங்களை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டான். கடைசித் தேர்வில் அறுபதுக்குக் குறையக் கூடாது என்பது மட்டும்தான் அவர்கள் போட்ட நிபந்தனை.

அந்தக் கடைசித் தேர்வைத்தான் சொதப்பினான். மறுநாள் அம்மாள் முன்னால் வந்து நின்றான்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"பரீட்சை சரியா எழுதலைம்மா. அறுபது வராதுன்னு பயமா இருக்கு."

"வராட்டா?"

"இடம் போயிடும். மத்த இடத்தையெல்லாம் விட்டுட்டேன். ஊர் முழுக்கச் சொல்லியாச்சு. நீங்க பார்த்து ஏதாவது..."

சொல்லும்போதே அவனுக்கு வெட்கமாக இருந்தது. திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டான்.

"எவ்வளவு வேணும்?" என்றார் அம்மாள்.

எழிலன் நிமிர்ந்தான். கேலியா என்று பார்த்தான். கேலியாகத் தெரியவில்லை.

"அறுபது போதும்மா."

"அறுபது என்ன அறுபது?"

அவனுடைய விடைத்தாளை எடுத்தார். மேலே நூறு என்று போட்டுக் கையெழுத்தும் போட்டார். எழிலனுக்குத் தலைகால் புரியவில்லை. காலில் விழப் போனான்.

"இரு. அந்தக் கிண்ணத்தை எடு."

மருந்து அரைக்கும் கல்வத்துக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் மூடியிருந்தது. கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே பழுப்பாக ஏதோ கரைத்து வைத்திருந்தது.

"என்ன மருந்தும்மா?"

"பரீட்சையில நீ எழுதின பேதி மருந்து. எனக்குக் கொஞ்ச நாளா வயிறு கட்டிக்கிட்டு இருக்கு. காலையில உன் தாளைப் பார்த்துப் பார்த்து அரைச்சேன்."

ஒரு நிமிடம் அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு தான் எழுதியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான். கடுக்காய். சுக்கு. நேர்வாளம்.

கிண்ணத்தை மறுபடி எட்டிப் பார்த்தான்.

"அம்மா, நேர்வாளத்தைச் சுத்தி பண்ணினீங்களா? நஞ்சு எடுத்தீங்களா?"

"நீ எழுதலையே."

"மறந்துட்டேம்மா. நஞ்சு எடுக்காத நேர்வாளம் குடலை அறுத்துடும். உங்க உடம்பு தாங்காது."

"நூத்துக்கு நூறு வாங்கினவன் மருந்து," என்று அம்மாள் கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோனார்.

எழிலன் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தான். இத்தனை வருடத்தில் அவரைத் தொட்டதே இல்லை. விளையாடுகிறார் என்று நம்ப ஆசைப்பட்டான். அந்த முகத்தில் விளையாட்டே இல்லை.

அம்மாள் மற்றக் கையில் பேனாவை எடுத்தார்.

"மார்க்கை அடிக்கட்டுமா, மருந்தைக் குடிக்கட்டுமா? நீயே சொல்லு."

சொல்ல வாயைத் திறந்தான். பல்கலைக்கழகம் ஞாபகம் வந்தது. விட்டுவிட்ட இரண்டு இடங்களும் ஞாபகம் வந்தன. வாய் திறந்தபடியே நின்றது. பிடித்த பிடியை மட்டும் விடவில்லை.

அம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு இவ்வளவு நேரமா, எழிலா?"