சிவப்பே இல்லாத சீட்

கரூர்ப் பக்கம் பஸ் பாடி கட்டுகிற பட்டறைகள் ஏராளம். அவற்றுக்கு சீட் செய்து கொடுக்கிற பட்டறைகளும் உண்டு. அவற்றில் நாச்சிமுத்து பட்டறை ஒரு தினுசு. முதலாளி நாச்சிமுத்து, வெல்டர் குப்புராஜ், பெயிண்டர் மாரப்பன், கம்ப்யூட்டர் பார்க்கிற பூங்கோதை, ஆக நாலு பேர். நாலு பேரும் தங்கமான மனுஷர்கள். சொன்ன சொல்லை ஒரு எழுத்துகூட மீற மாட்டார்கள், அதுதான் வம்பே.

ஒரு திங்கட்கிழமை பஸ் கம்பெனி அதிகாரி தணிகாசலம் வந்தார். கையில் ஒரு தாள். தாளில் இல்லாததை அவர் பேசவே மாட்டார்.

"சீட்டை முதல்ல கம்ப்யூட்டர்ல சோதிக்கணும். கால்களை அசையாம பொருத்தணும். ஆள் எடையை ஏத்தணும். தாங்காத இடம் சிவப்பாத் தெரியும். சிவப்பு துளிகூட இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன். சீட் உடையலைன்னா நூறு பஸ்ஸுக்கு ஆர்டர். உடைஞ்சா வேற பட்டறை" என்று வாசித்துவிட்டு, தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு மாதமாகப் பட்டறையில் வேலையே இல்லை. இந்த ஆர்டரும் போனால் ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான்.

"முதல்ல கால். சீட் எங்க இருக்குது?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"கம்ப்யூட்டருக்குள்ளங்க" என்றாள் பூங்கோதை.

"கம்ப்யூட்டரு?"

"மேஜை மேலங்க."

"அப்ப மேஜை ஆடுனா சீட்டும் ஆடுமல்ல?"

நியாயமான கேள்வி. குப்புராஜ் டிரில்லை எடுத்து மேஜையின் நாலு காலையும் தரையோடு போல்ட் போட்டு முறுக்கிவிட்டான். அன்றைக்குப் பெருக்குவதற்காக மேஜையை வாசலுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டிருந்தார்கள். அதனால் அன்று முதல் எல்லோரும் மேஜைக்கு அடியில் தவழ்ந்துதான் உள்ளே வந்து போனார்கள்.

அடுத்தது ஆள் எடை. பட்டறையில் கனமான ஆள் மாரப்பன். பழைய இரும்புக் கடைக்குப் போய் எடை மெஷினில் ஏறி நின்றான்.

"டிபன் பாக்ஸையும் கையில புடிச்சுக்க. பஸ்ஸுல போறவன் சோறு கொண்டு போகமாட்டானா?" என்றான் குப்புராஜ்.

சோற்றோடு தொண்ணூற்று நாலு கிலோ. பூங்கோதை அந்த எண்ணைத் தட்டினாள். திரையில் சீட் பின்பக்கமாக வளைந்தது. இடது பின்னங்கால் சிவந்துபோயிற்று.

மாரப்பனுக்கு முகம் வாடிவிட்டது. "நான் உக்காந்துதானுங்க இப்படி ஆச்சு."

"சரி, எறங்கிரு மாரப்பா" என்றார் முதலாளி.

"எங்கிருந்துங்க எறங்கறது?"

பாவம், அன்றிலிருந்து அவனுக்கு அரை வயிறுச் சாப்பாடுதான்.

முதலாளி ஆலோசனைக் கூட்டம் போட்டார். "கால் இருக்கறதுனாலதானே செவக்குது?"

அட, ஆமாம். பூங்கோதை அந்தக் காலை அழித்தாள். திரையில் செய்ததை நிஜத்திலும் செய்ய வேண்டுமே, குப்புராஜ் மாதிரிக்காகச் செய்து வைத்திருந்த நிஜ சீட்டிலும் அதே காலை அறுத்தான். உடனே பக்கத்துக் கால் சிவந்தது.

"தொத்து வியாதி மாதிரி இருக்குதுங்க" என்றான் மாரப்பன்.

செவ்வாய்க்கிழமைக்குள் நாலு காலும் போயிற்று. புதன்கிழமை முதுகுச் சாய்மானம் போயிற்று. கைப்பிடி சிவக்கவே இல்லை. ஆனாலும் துணையில்லாமல் தனியாக நிற்கிறதே என்று இரக்கப்பட்டு பூங்கோதை அதையும் எடுத்துவிட்டாள். வியாழக்கிழமை, மிச்சமிருந்த பலகையும் ஓரத்தில் லேசாகச் சிவந்தது.

"அதையும் எடுத்துட்டா உக்கார என்னங்க இருக்கும்?" என்றான் மாரப்பன்.

நாச்சிமுத்து, தணிகாசலம் வாசித்ததை ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "உடையக் கூடாதுன்னுதான் அவரு வாசிச்சாரு. உக்கார்றதைப் பத்தி ஒண்ணுமே வாசிக்கலியே."

பூங்கோதை பலகையை அழித்தாள். திரை வெள்ளை வெளேரென்று ஆனது. "துளி சிவப்பு இல்லீங்க" என்றாள். முதலாளி எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார். மாரப்பன் மட்டும் ஆறு வடை தின்றான்.

வெள்ளிக்கிழமை தணிகாசலம் மேஜைக்கு அடியில் தவழ்ந்து உள்ளே வந்தார். பேன்ட்டைத் தட்டிக்கொண்டு, "சீட் எங்கே?" என்றார்.

சீட் இருந்த இடத்தில் தரையில் சாக்பீஸால் போட்டிருந்த கட்டத்தை நாச்சிமுத்து காட்டினார். "இதானுங்க."

தணிகாசலம் அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். தாளைப் பிரித்து, "ஆள் எடை" என்று வாசித்தார். மாரப்பன் டிபன் பாக்ஸோடு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கட்டத்துக்குள் மெல்ல உட்கார்ந்தான்.

"கால் உடைஞ்சுதா?"

"இல்லீங்க."

"வெல்டிங் விட்டுதா?"

"இல்லீங்க."

"ஆடுதா?"

மாரப்பன் இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்தான். "இம்மிகூட ஆடலீங்க."

தணிகாசலம் மூன்று டிக் போட்டார். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. தானும் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றார். உட்கார்ந்தார். காலை நீட்டினார், மடக்கினார், சாய்ந்து பார்த்து மல்லாக்க விழுந்து எழுந்தார். அப்புறம் திருப்தியாகத் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

"ஆர்டர் உங்களுக்குத்தான். ஒரே ஒரு குறை. உயரம் ரெண்டு இஞ்ச் ஜாஸ்தி. அதை மட்டும் குறைச்சிடுங்க."

நாச்சிமுத்து திரும்பிக் குப்புராஜை முறைத்தார். "அளந்து வெட்டு, அளந்து வெட்டுன்னு உனக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னனல்லடா."