ஏழு பீட்டர்

கனடாவுல கோதுமை விளையுற ஊரு ஒண்ணு. அங்க அத்தன பேரும் மென்னோனைட்டு சனம். உசிரே போனாலும் துப்பாக்கி தொடாத கிறிஸ்தவங்க. ரஷ்யாவுல கொள்ளையும் பட்டினியும் தாங்காம தாத்தாமாருங்க கப்பலேறி வந்தது.

பேரு வைக்கிறதுல மட்டும் பயங்கரக் கஞ்சனுங்க. எறங்கினதுல ஏழு பேரு பீட்டர் ஃபிரீசன்! “பீட்டரு”ன்னு கூப்பிட்டா ஏழு தொப்பி திரும்பும். அதனால பட்டப்பேரு. நொண்டி பீட்டர், கொறட்ட பீட்டர், பட்டினிக் காலத்துல தன் மாவ ஊருக்கே பங்கு வெச்ச மாவு பீட்டர். அப்புறம் கொள்ளக்காரன் குதிரச் சத்தம் கேட்டதும் பொண்டாட்டி புள்ளைங்கள விட்டுட்டு ஓடின ஓடுகாலி பீட்டர்.

யாக்கோபு பதினோரு வருசமா ஊரு வரலாறு எழுதினாரு. கண்ணு மங்குச்சு, இடுப்பு போச்சு. முடிக்கிறப்போ பட்டப்பேர பூரா அடிச்சுட்டாரு, ஓடுன கதையையும் சேத்து. ஓடுகாலி பீட்டர் அவரோட சொந்தத் தாத்தா.

அச்சுக்கு முன்ன ஊரு பாக்கட்டும்னு சர்ச்சு ஹால்ல வெச்சாரு. மாவு குடுத்தது வெறும் ‘பீட்டர் ஃபிரீசன்’னு இருந்துச்சு. வந்துச்சு பாருங்க கூட்டம்.

“ஏ யாக்கோபு, மாவு குடுத்தது எங்க தாத்தா!”

“போய்யா, உங்க தாத்தா உப்பக்கூட குடுக்க மாட்டாரு. அது எங்காளு!”

ஏழு குடும்பமும், யாக்கோபோட பங்காளிங்ககூட, மாவு பீட்டருக்கே வந்து நின்னுச்சு.

எல்லாரும் போனப்புறம், சர்ச்ச நடத்துற பாஸ்டரம்மா அகனேதா காப்பிக் கப்பு கழுவிக்கிட்டு இருந்தாங்க. யாக்கோபவிட இருவது வயசு சின்னவங்க. ஆனா எதுன்னாலும் அவரு ஓடுறது அவங்ககிட்டதான்.

“முடியல பாஸ்டரம்மா. பேசாம அடுப்புல போட்டுரவா?”

அவங்க ஒரு துணிய நீட்டுனாங்க. அவரு கப்ப தொடைக்க ஆரம்பிச்சாரு.

“ஓடினவரு திரும்பி வந்தாராண்ணே?”

யாருன்னு அவங்க சொல்லல. அவருக்குத் தெரிஞ்சு போச்சு.

“வந்தாரு. ஒன்பதாம் நாளு.”

“வீட்டுல?”

“பாட்டி கதவத் தொறந்துச்சாம். ‘சூப்பு ஆறிப்போச்சு, உக்காரு’ன்னுச்சாம். அதுக்கு மேல சாகுற வரைக்கும் ஒரு வார்த்த கேக்கலியாம்.”

“புத்தகத்துல அவங்களப் பத்தி?”

“பொறந்த தேதி இருக்கு. செத்த தேதி இருக்கு. புள்ள எட்டு.”

பாஸ்டரம்மா கைய ஒதறினாங்க.

“ஓடுனவரையே காணோம். அந்தம்மா கதவ யாருக்கண்ணே தொறந்தாங்க?”