தொப்பி வைத்த நாற்காலி

காலை பத்து மணிக்கு இந்திய கிரிக்கெட் அணியின் பட்டியல் வந்தது. பதினைந்து பேர். இசக்கிமுத்துவின் பெயர் இல்லை. பன்னிரண்டு வருடமாக இல்லை.

மாநில அணியில் அவனைப் போல் அடிக்கிறவன் இன்னொருவன் கிடையாது. அவன் மட்டையோடு இறங்கினாலே எதிரணித் தலைவன் ஆட்களை எல்லைக் கோட்டுக்கு அனுப்பிவிடுவான். வயது முப்பத்து நான்கு ஆகிவிட்டது. அவன் கோபத்தில் நியாயம் இருந்தது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாளையங்கோட்டைக்கு வெளியே இருக்கும் பயிற்சி மைதானத்துக்கு நேராகப் போனான். அங்கே ஜெசிந்தா பந்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் பெண்கள் அணிக்கு வேகப்பந்து வீசியவர், அவனைவிட மூன்றே வயது மூத்தவர். ஆட்டத்தில் அவனுக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் வருவான்.

ஒரு கடிதத்தை அவர் கையில் திணித்தான்.

“ஓய்வு பெறுதேன்னு எழுதியிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள சங்கத்துல குடுத்துருங்கக்கா. நாளைக்குப் பேப்பர்ல வரணும். அப்பவாவது அவங்களுக்கு உறைக்கட்டும்.”

“நாளை கழிச்சு நம்ம மாநில அணிக்கு அரையிறுதி இருக்கே.”

“நான் இல்லாம ஆடிப் பாக்கட்டும்.”

ஜெசிந்தா கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்கக்கா. நேத்து மீசை முளைச்ச பயலுக்கெல்லாம் இடம் இருக்கு. என்னை ஏன் எடுக்கல?”

“மட்டைய எடு,” என்றார்.

இருபது பந்து வீசினார். இருபதையும் அடித்தான். ஒவ்வொரு அடியிலும் யாரோ ஒருவர் முகம் இருந்தது. நான்கு பந்துகள் சுவரைத் தாண்டி முள்ளுக்காட்டில் விழுந்தன. அவற்றை யார் தேடுவது என்று அவன் கேட்கவும் இல்லை, கவலைப்படவும் இல்லை.

ஜெசிந்தா எதிர்முனை எல்லைக் கோட்டருகே ஒரு வெள்ளை நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டார். அவன் கண்ணுக்கு நேரே தெரிந்தது. தன் தொப்பியைக் கழற்றி அதில் வைத்தார்.

“அது என்னது?”

“தேர்வாளர்.”

“சின்னப்பிள்ள வெளையாட்டா இருக்கு.”

“ஆடு.”

முதல் பந்தை முன்காலை நீட்டி, முழங்கையை உயர்த்தி, நேர் மட்டையால் தட்டினான். பந்து அவர் காலடியில் வந்து நின்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை வேண்டுமென்றே தரையில் குத்தாமல் இடுப்பு உயரத்துக்கு வீசினார். பள்ளிக்கூடப் பிள்ளைகூட அதைத் தூக்கி அடிக்கும். இசக்கிமுத்து அதையும் தட்டித்தான் வைத்தான்.

ஜெசிந்தாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. கையிலிருந்த பந்தைத் தரையில் எறிந்தார்.

“ஃபுல் டாஸ்டே அது. ஏன் அடிக்கல?”

அவன் மட்டையைப் பார்த்தான்.

“போன மாசம் தேர்வாளர் வந்து உக்காந்திருந்தாரே, அன்னைக்கு எத்தன எடுத்த?”

“பதினொண்ணு.”

“எத்தன பந்துல?”

“நாப்பத்தேழு.”

“அடுத்த ஆட்டத்துல அவர் இல்ல. அப்ப?”

“நூத்தி நாப்பது.” மட்டை நுனியால் தரையைக் கீறினான். “முத வருசம் தேர்வாளர் ஒருத்தர் சொன்னாருக்கா. பையன் நல்லா அடிக்கான், ஆனா மட்டை நேரா வரலன்னு. அதான், அவங்க வாற அன்னைக்கு மட்டும் நேரா ஆடுதேன்.”

“உன் ஆட்டத்த ஆடுன்னு நானும் எத்தன தடவ சொன்னேன்? கேட்டியா நீ?”

அவன் நாற்காலியையே முறைத்துக்கொண்டிருந்தான். முகம் கறுத்துவிட்டது. பன்னிரண்டு வருடம், அத்தனை மைதானம், அத்தனை பதினொன்று. யார்மேல் கோபப்படுவதென்று தெரியாதவன் கோபம் பொல்லாதது.

“போடுங்க,” என்றான்.

போட்டார். இறங்கி வந்து அடித்தான். பந்து ஜெசிந்தாவின் தலைக்கு மேலே சீறிப் போனது. நாற்காலி பிளந்து மல்லாந்தது. தொப்பி புழுதியில் உருண்டது.

இசக்கிமுத்து மூச்சு வாங்க நடந்து வந்தான்.

“போதுமா? இப்ப அங்க யாரும் இல்ல.”

“நல்ல அடி,” என்றார் ஜெசிந்தா. “ஆனா இதையும் அதப் பாத்துதான் அடிச்ச.”

சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து அவனிடம் நீட்டினார்.

“இதையும் அந்த நாற்காலிக்குத்தான் எழுதியிருக்க.”